புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா? வைரஸின் '22 எழுத்து' ரகசியம்!

உடம்புக்குள் ஒரு உலகம் - 23

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டுச் சமையலறையில், மற்ற பாத்திரங்களை விட்டுத் தள்ளி, ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

சித்தப்பாவுக்குச் சில மாதங்களுக்கு முன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சூட்டுக்கட்டி என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு பக்கக் காது மட்டும் அடைத்த மாதிரியே இருந்தது. காது, மூக்கு, தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவு, நாசித்தொண்டைப் புற்றுநோய். மூக்கின் பின்பகுதியும் தொண்டையின் மேல்பகுதியும் சேருகிற இடத்தில் வருவது.

டாக்டர் விளக்கும்போது, "இந்த வகைக்கும் ஒரு வைரஸுக்கும் தொடர்பு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். கொரோனாவைப் பார்த்த வீட்டுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றைக்கே பாட்டி டம்ளரைப் பிரித்துவிட்டார். பிள்ளைகள் அப்பா பக்கத்தில் படுக்கக் கூடாது என்றும் உத்தரவு.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நீ இதெல்லாம் ஆன்லைன்ல எழுதுறவதானே... இது நெசமாவே புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வாரத் தொடர். பதிலைத் தேடிப் போனால், அது 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு குட்டித் துணுக்கில் போய் நிற்கிறது.

பனிமூட்டம் காட்டிக்கொடுத்த வைரஸ்

சித்தப்பாவின் டாக்டர் சொன்ன வைரஸின் பெயர் எப்ஸ்டீன்-பார் வைரஸ். சுருக்கமாக இ.பி.வி. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் இதுதான்.

கதை ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் தொடங்குகிறது. அங்கே பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை சிகிச்சை டாக்டர், சிறு குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு விநோதக் கட்டியைத் தொடர்ந்து பார்த்தார். 1961-ல் லண்டனில் அதைப் பற்றி உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆன்டனி எப்ஸ்டீன் என்ற ஆய்வாளரும் ஒருவர். 'இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்குமோ?' என்று அவருக்குத் தோன்றியது.

உகாண்டாவிலிருந்து விமானத்தில் கட்டித் துணுக்குகளை வரவழைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ மூன்று வருடத் தோல்வி. 1963 டிசம்பரில் துணுக்கு கொண்டுவந்த விமானம், லண்டனில் பனிமூட்டம் என்பதால் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. பாட்டில் தாமதமாக வந்து சேர்ந்தபோது உள்ளிருந்த திரவம் கலங்கிப்போயிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா இல்லை. கட்டியிலிருந்து உதிர்ந்து, உயிரோடு மிதந்துகொண்டிருந்த புற்றுநோய் செல்கள்!

அவற்றை வளர்த்து, 1964-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே வைரஸ் இருந்தது. எப்ஸ்டீனோடு இந்த வேலையில் இருந்தவர்கள் இவான் பார், பெர்ட் அச்சோங். முதல் இருவரின் பெயர்தான் வைரஸுக்கு வைக்கப்பட்டது.

அதன்பிறகு ஆய்வுகள் விரிந்தபோதுதான் உண்மையான ஆச்சர்யம் வெளிவந்தது. இந்த வைரஸ் உகாண்டாவில் மட்டும் இல்லை. உலகம் முழுக்க வளர்ந்தவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும். நம்மில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே, யாரோ கொஞ்சிய ஒரு முத்தத்திலோ பகிர்ந்து சாப்பிட்ட ஒரு கவளத்திலோ வந்து சேர்ந்திருக்கும். வந்ததே தெரியாது. ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் நம்மோடுதான்.

ஆக, கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிற வைரஸ் இது. நம் நோய் எதிர்ப்புப் படை இவ்வளவு காலம் இதை ஏன் விரட்டவில்லை? எப்படி ஒளிந்துகொள்கிறது? இங்கேதான் அந்தக் குட்டித் துணுக்கு வருகிறது.

கல்யாண வீட்டுச் சமையல் சீட்டு

ஒரு கல்யாண சமையல்கட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லா உணவின் செய்முறையும் எழுதிய பெரிய நோட்டு ஒன்று பீரோவில் பூட்டி இருக்கிறது. அது வெளியே வராது. தேவையானதை மட்டும் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவார்கள். மாஸ்டர் சீட்டைப் படித்துச் சமைப்பார்.

நம் செல்லும் அப்படித்தான். பீரோ நோட்டு, டி.என்.ஏ. சீட்டு, தூது ஆர்.என்.ஏ. சமைத்து வருகிற பதார்த்தம், புரதம். உடம்பின் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள்தான்.

இப்போது ஒருவர் வந்து, 'சாம்பார் - நாலு வாளி' என்ற சீட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போகிறார். மாஸ்டரால் சரியாகப் படிக்க முடியவில்லை. சில சீட்டுகள் குப்பைக்கே போகின்றன. சாம்பாரே வராது என்றில்லை. நாலு வாளி வரவேண்டிய இடத்தில் இரண்டு வாளி வரும். அந்தத் துண்டுக் காகிதம்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

வழக்கமான சீட்டு ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ-வில் இருப்பது சுமார் 22 எழுத்துகள். அதிலும் முன்பக்கத்து ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே போதும், ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே துணுக்கு, நூற்றுக்கணக்கான வெவ்வேறு சீட்டுகளின் மேல் ஒட்ட முடியும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு. அமெரிக்காவின் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் குழுக்கள் 1993-ல் இதை வெளியிட்டன. 'புழுவில் இருக்கலாம், மனிதரில் எங்கே?' என்று ஆரம்பத்தில் பலர் பொருட்படுத்தவில்லை. 2000-ல் இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ மனிதர் உட்படப் பல உயிரினங்களில் ஒரேபோல இருப்பது தெரிந்ததும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சத்தம் போடாத திருடன்

2004-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டூஷல் ஆய்வகம் ஒரு சந்தேகத்தைச் சோதித்தது. செல்லிடம் இவ்வளவு வசதியான கருவி இருக்கிறதே, வைரஸ் சும்மா இருக்குமா? செபாஸ்டியன் ஃபெஃபர் உள்ளிட்டோர் இ.பி.வி தொற்றிய செல்களில் தேடினார்கள். வைரஸ் சொந்தமாகத் தயாரித்த மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் கிடைத்தன. ஒரு வைரஸிடம் இவை இருப்பது தெரியவந்தது அதுவே முதல் முறை. இன்றைக்கு இ.பி.வி-யிடம் மட்டும் இப்படி 40-க்கும் மேற்பட்ட துணுக்குகள் இருப்பது தெரியும்.

இது ஏன் வைரஸுக்கு அவ்வளவு லாபம்?

நம் ஒவ்வொரு செல்லும், தனக்குள் தயாராகும் புரதங்களின் சாம்பிளை வெளிச்சுவரில் மாட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் டி செல்கள் அதைப் பார்க்கும். பழக்கமான புரதம் என்றால் நகர்ந்துவிடும். அந்நியப் புரதம் தெரிந்தால் அந்த செல்லையே காலி செய்துவிடும். ஆகவே, வைரஸ் எந்தப் புரதத்தைத் தயாரித்தாலும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மைக்ரோ ஆர்.என்.ஏ புரதம் இல்லை. சுவரில் மாட்ட அதில் சாம்பிள் எதுவும் கிடையாது. வீட்டுக்குள் புகுந்த திருடன் வாயைத் திறந்தால் மாட்டுவான். இவன் வாயே திறக்காமல், துண்டுச் சீட்டு ஒட்டியே வேலையை முடிக்கிறான். நாசித்தொண்டைப் புற்றுநோய் செல்களில் இ.பி.வி தயாரிப்பது வெகு சில புரதங்களைத்தான். ஆனால், 'பார்ட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை அள்ளி இறைக்கிறது.

அவை எந்தச் சீட்டுகளின் மேல் ஒட்டுகின்றன என்று பார்த்தால், திட்டம் புரியும்.

முதலாவது, தற்கொலைச் சீட்டு. கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள உடம்பில் ஏற்பாடு உண்டு. அதற்கு உதவும் ஒரு புரதத்தின் பெயர் 'பூமா'. பார்ட்-5 என்ற துணுக்கு பூமாவின் சீட்டில் ஒட்டி அதைக் குறைத்துவிடுகிறது என்று 2008-ல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாக வேண்டிய செல் சாகாமல் தொடர்கிறது.

இரண்டாவது, அபாயக் கொடி. சிக்கலில் மாட்டிய செல், 'என்னைக் கவனியுங்கள்' என்று வெளிச்சுவரில் ஒரு கொடியை ஏற்றும். அதைப் பார்த்து 'இயற்கைக் கொலையாளி' எனப்படும் காவல் செல்கள் வரும். பார்ட்-2 துணுக்கு அந்தக் கொடிக்கான சீட்டைக் குறிவைக்கிறது. 2009-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய ஆச்சர்யம். அதே பார்ட்-2, வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கத் தேவையான சொந்தப் புரதத்தின் சீட்டிலும் ஒட்டுகிறது. தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறது. ஏகமாகப் பெருகினால் மாட்டிக்கொள்வோம் என்பதால் அமைதியாகப் படுத்திருக்கும் தந்திரம் அது.

பெருகத் துடிக்கும் செல், தற்கொலை ஏற்பாடு வேலை செய்யாத செல், காவலர் கண்ணில் படாத செல். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் புற்றுநோய்க்கு நிலம் தயார்.

மற்ற வைரஸ்களின் குறும்பு

இந்தக் கருவியை வைத்து விளையாடுவது இ.பி.வி மட்டும் இல்லை.

கபோசி சர்க்கோமா என்ற புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ், நம் உடம்பின் மைக்ரோ ஆர்.என்.ஏ ஒன்றுக்கு டூப்ளிகேட் சாவியே செய்துவைத்திருக்கிறது. எண் 155 கொண்ட அந்தத் துணுக்கு, நம் ரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றோடு ஏற்கெனவே தொடர்புடையது. ஒட்டுகிற முன்பக்க எழுத்துகள் இரண்டுக்கும் அப்படியே ஒன்று.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி வேறு வழியில் போகிறது. நம் செல்லின் காவல்காரப் புரதமான பி-53-ஐ அழிக்கிறது. பி-53 இல்லாததால், செல் பெருக்கத்தை அடக்கிவைக்கும் 34-ஏ என்ற நம் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ குறைந்துபோகிறது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ், கல்லீரலில் ஏராளமாக இருக்கும் 122 என்ற நம் துணுக்கைத் தன்மேல் போர்த்திக்கொண்டு பிழைக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த வைரஸால் பெருக முடியாது என்று 2005-ல் தெரியவந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் வருமா?

வராது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 90 சதவிகிதம் பேரிடம் வைரஸ் இருந்தும், மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. வைரஸ் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை.

நாசித்தொண்டைப் புற்றுநோய் அதிகம் இருப்பது தென்சீனாவின் குவாங்டாங் பகுதியிலும், ஹாங்காங்கிலும், தென்கிழக்கு ஆசியாவின் சில இடங்களிலும். இந்தியாவில் பொதுவாக அரிது. நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளில் மட்டும் கூடுதல். உலகம் முழுக்க வைரஸ் இருக்க, நோய் மட்டும் ஏன் சில இடங்களில்? பரம்பரையாக வரும் மரபணுக் கூறுகள், புகைப்பழக்கம், சீன முறையில் உப்பிட்டுப் பதப்படுத்திய மீனைச் சிறு வயதிலிருந்து சாப்பிடுவது ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. அந்த வகை உப்பு மீனை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. இப்படிப் பல படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, பல வருடங்கள் கழித்துத்தான் ஒரு செல் தடம் மாறுகிறது.

சித்தப்பாவின் கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். பரவுவது வைரஸ். புற்றுநோய் பரவாது. அந்த வைரஸும் வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளுக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். வராமல் இருந்தால்கூட, பள்ளிக்கூடத்து நண்பனின் வாட்டர் பாட்டில் போதும். டம்ளரைத் தனியாக வைப்பதால் யாருக்கும் புற்றுநோய் தடுக்கப்படப் போவதில்லை. நோயாளியின் மனசு உடைவதுதான் மிச்சம்.

ஒளிந்திருந்தாலும் தடயம் உண்டு

திருடன் பேசாவிட்டாலும் காலடித் தடம் விட்டுத்தானே போகிறான்? இந்தப் புற்றுநோய் செல்கள் மடியும்போது வைரஸின் டி.என்.ஏ துண்டுகள் ரத்தத்தில் கசிகின்றன.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் லோ உள்ளிட்டோர் இதைப் பெரிய அளவில் சோதித்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்த அறிகுறியும் இல்லாத, 40 முதல் 62 வயதுக்குட்பட்ட 20,174 ஆண்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 1,112 பேருக்கு வைரஸ் டி.என்.ஏ தென்பட்டது. சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதும் 309 பேருக்கு இருந்தது. அவர்களை எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ மூலம் பரிசோதித்ததில் 34 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது.

இதில் முக்கியமான விஷயம், அந்த 34 பேரில் 71 சதவிகிதம் பேர் முதல் இரண்டு நிலைகளில் இருந்தார்கள். பரிசோதனை இல்லாத காலத்தில் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டவர்கள் 20 சதவிகிதம்தான். கழுத்தில் கட்டி தெரிவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். ஆரம்ப நிலையில் பிடிபட்டால் இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

'உடனே நானும் இந்த டெஸ்ட் எடுக்கிறேன்' என்று கிளம்பிவிட வேண்டாம். அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். முதலில் 'இருக்கிறது' என்று வந்த 1,112 பேரில் 34 பேருக்குத்தான் நோய். நோய் அதிகம் உள்ள ஹாங்காங்கிலேயே இப்படி. அரிதாக உள்ள நம் ஊரில் எல்லோரும் எடுத்தால், வீண் பயமும் வீண் செலவும்தான் மிஞ்சும். டாக்டர் சொன்னால் மட்டுமே இது.

பார்ட் மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் பத்திரமாக ரத்தத்தில் மிதக்கின்றன. அவற்றையும் அளந்து நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமா, சிகிச்சைக்குப் பிறகு மறுபடி தலைதூக்குகிறதா என்று அறிய முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன.

மருந்து எப்போது?

துண்டுக் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டிவிட்டால்? அதுதான் மருந்து யோசனை. ஹெபடைட்டிஸ் சி-யில் அதைச் செய்தும் பார்த்தார்கள். 122 துணுக்கை முடக்கும் மிராவிர்சன் என்ற மருந்தை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டதில், வைரஸின் அளவு குறைந்ததாக 2013-ல் முடிவு வந்தது. ஆனால், அதற்குள் வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்து, ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலானோருக்குக் குணப்படுத்தத் தொடங்கிவிட்டன.

புற்றுநோயில் கதை அவ்வளவு சுமுகமாக இல்லை. காணாமல்போன 34-ஏ துணுக்கைச் செயற்கையாகச் செய்து உடம்புக்குள் அனுப்பிய ஒரு பரிசோதனை, நோய் எதிர்ப்பு சார்ந்த தீவிரப் பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான சீட்டுகளில் ஒட்டும் என்று பார்த்தோம் இல்லையா? அந்த வசதியே இங்கே சிக்கல். நமக்கு வேண்டிய சீட்டையும் அது மறைத்துவிடலாம். கட்டிக்குள் மட்டும் போய்ச் சேர வைப்பதும் கடினம். எனவே, 'மைக்ரோ ஆர்.என்.ஏ தெரபி' என்று யாராவது விளம்பரம் செய்து பணம் கேட்டால் நம்ப வேண்டாம். இன்றைக்கு நாசித்தொண்டைப் புற்றுநோய்க்கான முதன்மை சிகிச்சை கதிர்வீச்சும் கீமோதெரபியும்தான்.

நாம் செய்யக்கூடியவை

* வலியில்லாத கழுத்துக் கட்டி, ஒரு பக்கக் காது மட்டும் அடைப்பது, மூக்கில் அல்லது சளியில் ரத்தம், பொருள்கள் இரண்டாகத் தெரிவது. இவற்றில் எதுவும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். பார்த்துவிட்டால் நிம்மதி.

* இ.பி.வி-க்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. ஆனால், ஹெச்.பி.வி-க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் இருக்கிறது. இரண்டுமே புற்றுநோயைத் தடுக்கும் ஊசிகள். பிறந்த குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி, பருவ வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2023 முதல் இந்தியாவிலேயே தயாரான ஹெச்.பி.வி தடுப்பூசியும் கிடைக்கிறது.

* புகையிலையை விடுங்கள். வைரஸ் தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்ய அது உதவும்.

* வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், தட்டையும் படுக்கையையும் பிரிக்காதீர்கள். சிகிச்சையில் இருப்பவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கும். சளி, காய்ச்சல் இருந்தால் அவரிடம் நாம்தான் கொஞ்சம் ஒதுங்கி இருக்க வேண்டும். பாதுகாப்பு தேவைப்படுவது அவருக்கு.

மறுபடி அந்த டம்ளர்

அன்றைக்கு ராத்திரியே பாட்டியிடம் உட்கார்ந்து பேசினேன். ஆர்.என்.ஏ, சீட்டு, பூமா எல்லாம் சொல்லவில்லை. "பாட்டி, சித்தப்பா உடம்புல இருக்கிற அந்தக் கிருமி என் உடம்புலயும் இருக்கு. உன் உடம்புலயும் அநேகமா இருக்கும், அம்பது அறுபது வருஷமா" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்றார்.

"அதேதான் பாட்டி."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை காபி வந்தபோது ஜன்னல் திட்டைப் பார்த்தேன். தட்டு மட்டும் அங்கேயே இருந்தது. டம்ளர் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது. எந்த டம்ளர் யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

தட்டுக்கு இன்னும் ஒரு முறை ஊருக்குப் போக வேண்டும்.

(அடுத்த வாரம்: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நம் வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் என்ன ஆகின்றன?)